வெல்டர் கொடுத்த குரல்

பட்டறையில் அந்த வெல்டருக்கு ஒரு பழக்கம். பொறி பறக்கும் முன் "கண்ணு!" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுவரும் மனைவியும் அப்படித்தான், இத்தனை வருஷமாக.

இப்போது அவர் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. அதற்குள் தூசியைவிடப் பொடியான தங்கத் துகள்களை ஏற்றியிருந்தார்கள். வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் தங்கம் சூடேறிக் கட்டியைப் பொசுக்குமாம். இன்னும் சோதனையில் இருக்கும் வைத்தியம்.

"கழுத்துல குந்துமணித் தங்கம் இல்லன்னு புலம்புவியே, இப்ப பாரு, எனக்கு உள்ளயே போட்டுட்டாங்க" என்று காலையில் மனைவியிடம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுக்கவைத்தார்கள். "சுட்டா கையத் தூக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நர்ஸும் வெளியே போய்விட்டாள். அவருக்குத் தெரியும்: இரும்பில் ஓரிடத்தைக் காய்ச்சினால் பக்கத்து இடமும் சேர்ந்து வளையும். கட்டிக்குப் பக்கத்திலேயே குரல்வளை. குரல் போய்விட்டால்?

பொறி இல்லை, புகை இல்லை, கருகும் வாடை இல்லை. எங்கேயோ இயந்திரம் மட்டும் முனகியது. ஆரம்பித்துவிட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. இப்படி ஒரு நெருப்பை அவர் கண்டதே இல்லை. தன்னையறியாமல் கத்தினார்: "கண்ணு!"

சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவிக்கு அது ஒலிபெருக்கியில் கேட்டது. முதன்முறையாக அவள் முகத்தைத் திருப்பவில்லை.