அலுமாரியில் கிடந்த புதுக் குறொஸ்

புத்தூரில் கராச் வைத்திருக்கும் கேதீஸ்வரனுக்குக் கைவராத வாகன வேலை ஒன்றும் கிடையாது. புதுச் சாமானைப் புதிதாக இருக்கும்போதே பாவிப்பதுதான் அவருக்கு வராது. யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, சைக்கிள் கம்பியில் கிளிப் வளைத்துத் தொழில் பழகிய மனுசன். தடை நீங்கி எத்தனையோ வருசமாகிவிட்டது. அந்தச் செய்தி இவருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அவருடைய அலுமாரியைத் திறந்தால் பெட்டி பிரிக்காத பிளக், உறை கிழிக்காத பெல்ற், மகள் கோபிகாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்து எல்லாம் கிடக்கும். "நல்ல நாளுக்குப் போடலாம்" என்று சப்பாத்தை எடுத்து வைத்தார். நல்ல நாள் வருவதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிட்டது. கால் செய்த பிழைக்கு அவர் என்ன செய்வார், பாவம்!

அந்தக் கோபிகாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை சிவகரன் லண்டனில் வளர்ந்தவன். சாவகச்சேரியில் அவனுடைய பெரியப்பா வீட்டுக் கொட்டிலுக்குள் கூரையில்லாத இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று முப்பது வருசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டியபின் கால்மாறி அந்தப் பெரியப்பா வீட்டுக்குப் பெண்ணைக் கூட்டிப்போவதென்றால் அந்தக் காரில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். மாமனாரே கராச்காரர், பிறகென்ன?

"மருமோன் கேட்ட முதல் வேலை. இதிலை என்ரை மானம் கிடக்குது," என்று கேதீஸ்வரன் மனைவி உதயகலாவிடம் சொன்னார்.

காரைக் கராச்சுக்கு இழுத்துவந்து, எஞ்சினை இரண்டு கிழமையில் உறும வைத்தார். மிச்சம் பின்பக்கம். பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டு ஒவ்வொன்றிலும் ஒரு குறொஸ் உண்டு. பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டை மடங்கிச் சுழலவிடும் மூட்டு அது. இரண்டும் தேய்ந்திருந்தன. சிவகரன் லண்டனிலிருந்து புதிது இரண்டு அனுப்பிவிட்டு, "பழசைக் கழட்டி எறிஞ்சு விடுங்கோ மாமா," என்று போனில் சொன்னான்.

எறிவதா? கேதீஸ்வரன் ஒரு பழைய நட்டைக்கூட எறிந்தவரல்ல.

காரை ஜக்கில் ஏற்றினார். சக்கரம் கழற்றி, தண்டின் நாலு நட்டையும் அவிழ்த்து இழுத்தெடுத்தார். குறொஸைப் பிடித்திருந்த கிளிப்புகளை எடுத்து, சுத்தியலால் பதமாகத் தட்டி அதன் முனைக் கிண்ணங்களை வெளியே கொண்டுவந்தார். இதுவரை வேலை சுத்தம். பிறகு புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மினுமினுவென்று இருந்தது. மூடிவிட்டார். பழைய குறொஸ்களை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பக்கம் பாரம் தாங்காதபடி கால்வட்டம் திருப்பி, கிறீஸ் அடைத்துப் பூட்டினார். ஒரு கிளிப் உடைந்திருந்தது. அதற்குச் சைக்கிள் கம்பி. புதிய குறொஸ் இரண்டும் பிஸ்கற் டின்னுக்குள், சப்பாத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு இராகுகாலம் தொடங்குமுன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி மிதிக்கவேண்டும். மணமக்களோடு மாலை கட்டிய கார் முன்னே போனது. மைத்துனன் அருட்செல்வன் ஓட்டிய வானில் சனத்தோடு கேதீஸ்வரன் பின்னே போனார். உதயகலா வீட்டில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டு வேட்டியை அலுமாரியில் வைத்துவிட்டு, தன்னுடைய பழைய வேட்டியோடுதான் போனார். "சத்தத்தைக் கேள் அருள், சத்தத்தைக் கேள்!" என்று வழிநெடுகப் பெருமை.

வாதரவத்தை வெட்டவெளியில் அவர் கேட்ட சத்தம் வேறு. "டக், டக், டமார்!" ஒரு மரமும் இல்லாத அந்த நடு வெயிலில் கார் நின்றுவிட்டது. இடப்பக்கத்துக் குறொஸ் உடைந்து, தண்டு கழன்று தார் ரோட்டில் கிடந்தது.

சிவகரன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "புதுக் குறொஸ் மாமா, நாற்பது மைல்கூட ஓடேல்லை! வித்தவனை நான் சும்மா விடமாட்டன்."

உண்மையைச் சொல்லக் கேதீஸ்வரனுக்கு ஒரு நிமிசம் இருந்தது. "ஓம் தம்பி, இப்பத்தைச் சாமானெல்லாம் உப்பிடித்தான். கடும் கள்ளர்!" என்றார், கூச்சமே இல்லாமல்.

கூறைச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு கோபிகா காரிலிருந்து இறங்கினாள். தகப்பனோடு இருபத்தேழு வருசம் சீவித்தவள். காலடியில் கிடந்த சைக்கிள் கம்பித் துண்டை எடுத்து ஒருதரம் பார்த்தாள்.

"அப்பா, புதுசு அலுமாரியிலையோ?"

வானுக்குள் இருந்த சனம் முழுக்க எட்டிப் பார்த்தது. கேதீஸ்வரன் தார் ரோட்டைப் பார்த்தார். சிவகரன் காரில் கட்டிய மாலையைக் கழற்றத் தொடங்கினான். அவன் நாலு ஏச்சு ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கோபிகா தாய்க்குப் போன் எடுத்தாள். "அம்மா, அலுமாரியிலை அப்பா சாமான் போட்டு வைக்கிற பிஸ்கற் டின்னை ஆரிட்டையெண்டாலும் குடுத்துவிடுங்கோ. பக்கத்திலை என்ரை வெள்ளைச் சப்பாத்து கிடக்கும். அதையும் அப்பாவுக்குக் குடுத்துவிடுங்கோ." பிறகு சிவகரனோடு வானில் ஏறினாள். சனம் நெருங்கி இடம் விட்டது. நாலு மணிக்குச் சாவகச்சேரியில் படி மிதித்தாள், தகப்பன் இல்லாமல்.

கேதீஸ்வரன் தனியே வெயிலில் நின்றார். முக்கால் மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் டின்னையும் சப்பாத்துப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தார். சப்பாத்தின் அடியில் ஒரு மண் துகள்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கைக்குள் அடங்கியது. வெட்கத்தில் மனுசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்து வயதில் அதைப் போட்டு நடக்கிறேன் என்று அவள் அழுதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பிறகு காரில் கிடந்த ஜக்கையும் சாவிகளையும் எடுத்துக்கொண்டு காருக்கடியில் புகுந்தார். புதிய குறொஸ், புதிய கிளிப், இரண்டு பக்கமும். இருட்டுமுன் வேலை முடிந்தது. வெளியே வந்து எண்ணெய் பிரண்ட வேட்டியைப் பார்த்து, "நல்லகாலம், பட்டு வேட்டி கட்டேல்லை," என்றார்.

வலப்பக்கத்துப் பழைய குறொஸ் உடையவில்லை. அதைத் துடைத்து டின்னுக்குள் வைத்தார். சப்பாத்தைக் கையில் எடுத்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பேரப்பிள்ளைக்கு உதவும்," என்று பெட்டியில் இருந்த தாளிலேயே சுற்றி மூடினார்.