பாலோ திருவிழாவும் நான் படிக்காமல் விட்ட கடைசி வரியும்

மாசாய்ப் பக்கமிருந்து பாலோவுக்குத் திருவிழா பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி, வண்டி, சாப்பாடு எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் போன அன்று, என் கைப்பேசியால் ஒரு பெண்ணின் வேலைக்கான நேர்காணல் பாதியில் நின்றுபோனது. அதை விட்டுவிட்டுத் தேரின் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. போன ஆண்டுதான் கோயில் மண்டபத்து வகுப்பில் தமிழும் கொஞ்சம் மலாயும் படிக்கக் கற்றேன். அதன் பிறகு தனியாகப் போன முதல் பயணம் இது. பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரை யாரையும் கேட்காமல் படித்து ஏறும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்து ஊருக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மாசாயில் பேருந்து ஏறி லார்கின் பேருந்து நிலையம் போனேன். அங்கிருந்து எட்டு மணி வண்டியில் குளுவாங் வந்தேன். குளுவாங்கிலிருந்து திருவிழா நடக்கும் பாலோ தோட்டத்துக் கோயில் சுமார் முப்பது கிலோமீட்டர். வாடகை வண்டிக்கு நாற்பது வெள்ளி கொடுத்தேன். ஓட்டுநர் நம்ம தமிழ்ப் பையன்தான். நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டான்.

"உங்க டேட்டாவ ஏன் கரைக்கிறீங்க ஐயா? அங்க மோர்ப் பந்தல்ல வைஃபை ப்ரீ."

"மோரோட வைஃபையும் ஊத்துறாங்களா?"

"ஊத்துறாங்க லா. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

அவன் சொன்னது உண்மை. கோயிலுக்கு எதிர்வீட்டு சரோஜா அம்மா வாசலில் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தல் காலில் ஓர் அட்டை. "பக்தர்களுக்கு இலவச வைஃபை. பாஸ்வேர்ட் கிடையாது" என்று பெரிய எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. பெரியதைப் படித்த பெருமையில் அதை விட்டுவிட்டேன். அட்டையைப் படம் எடுத்து எங்கள் வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன்.

பிறகு தேர் புறப்பட்டது. காவடி, உறுமி, பால்குடம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வீடியோ எடுத்தேன். வைஃபை கிடைத்தால் என் படங்களெல்லாம் தானாகவே இணையத்தில் ஏறிச் சேர்ந்துகொள்ளும்படி என் பேத்தி செய்து வைத்திருக்கிறாள். "நம்ம வீட்டு வைஃபைலதான் தாத்தா இது ஓடணும்" என்று சொல்லியும் இருந்தாள். சும்மா கிடைக்கிறதே, இங்கேயே ஏறட்டும் என்று நான்தான் நினைத்தேன். அன்னதானத்தில் சாப்பிட்டேன். பந்தலில் உட்கார்ந்து பென்சன் பணம் வந்துவிட்டதா என்று பேங்க் கணக்கைப் பார்த்தேன். அப்படியே கண்ணயர்ந்தேன்.

மூன்று மணிக்கு மேல் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"ம்மா, லைன் செத்துப்போச்சு! டேட்டா முடிஞ்சிருச்சாம்!"

"மத்தியானம் பாதிக்கு மேல இருந்துச்சேடி!"

சரோஜா அம்மாவின் மகள் யாழினி மடிக்கணினியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலை அலுவலக வேலைக்கு அவளைத் திரையில் நேர்காணல் செய்துகொண்டிருந்தார்கள். பந்தலில் என்னைத் தவிர யாரும் இல்லை. சட்டைப் பையில் என் கைப்பேசி தோசைக்கல் மாதிரி சுட்டது. எடுத்து நீட்டினேன். என் வீடியோக்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று பார்த்தாள்.

"தாத்தா, என் இண்டர்வியூ முழுக்க உங்க பாக்கெட்டுக்குள்ள போயிருச்சு."

"என் டேட்டாவ எடுத்துக்கம்மா. அப்படியே இருக்கு, நான் தொடவே இல்ல."

என் கைப்பேசி வழியாக அவள் மறுபடி இணைந்தபோது அந்தப் பக்கம் வேறு ஒருவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு தகவல் சொல்வதாக ஒரு வரி வந்தது. அவள் ஐந்து மணி வரை திரையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மோரு குடிக்க வந்தவரு குடத்தையே தூக்கிட்டுப் போயிட்டீங்களே ஐயா" என்றார் சரோஜா அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கதவத் தெறந்து போட்டது நான்தானே. எவனாவது இந்த லைன்ல கண்டதையும் அனுப்பியிருந்தா போலீசு என் வீட்டத்தானே தட்டியிருக்கும்" என்றார்.

யாழினி என்னைப் பார்த்தாள். "பேங்க் எதுவும் தெறந்தீங்களா?"

"தெறந்தேம்மா."

"அலமாக்! போனதும் மொத வேலையா பாஸ்வேர்ட மாத்துங்க. எங்க வைஃபை பேரையே வச்சு பக்கத்துல ஒருத்தன் வேற ஒண்ணு போட்டிருந்தா உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பேரைப் படிக்கத்தான் கற்றிருக்கிறேன். அந்தப் பேருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று எப்படிப் படிப்பது?

திரும்பும் பேருந்தில் எங்கள் வகுப்பு ஆசிரியையின் பதில் வந்தது. "அருமை ஐயா! கீழே உள்ள சின்ன எழுத்தையும் படித்தீர்களா?" படத்தை விரலால் பெரிதாக்கினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மூன்று மணிக்கு எங்கள் பிள்ளைக்கு இண்டர்வியூ. தயவுசெய்து வீடியோ ஏற்ற வேண்டாம்." குண்டு குண்டான, தெளிவான எழுத்து. நான் படிக்கக்கூடிய எழுத்துதான்.

நீங்கள் போனால், திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள், மாலையில் கிடைப்பது சிரமம். தொப்பி வேண்டும். அன்னதானம் பன்னிரண்டு மணிக்கு. யார் வீட்டு வைஃபையாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், ஒரு செய்தி அனுப்பும் அளவுக்கு மட்டும். தானாக ஏறுவதை நிறுத்தி வையுங்கள். பேங்க் பக்கம் போகவே போகாதீர்கள். நீங்களும் உங்கள் வீட்டு வைஃபையை இப்படித் திறந்து வைப்பவராக இருந்தால், விருந்தினருக்குத் தனி லைனும் ஓர் அளவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து யாழினியைப் போனில் கூப்பிட்டேன். "வேற ஆள எடுத்துட்டாங்க தாத்தா. விடுங்க, இன்னொண்ணு பாப்போம்" என்றாள். என்னைச் சிரிக்க வைக்க நினைத்தாளோ என்னவோ, "அடுத்த வருசம் அந்த வரியப் பெருசா எழுதுறேன்" என்றாள்.

"சின்னதாவே எழுதும்மா. நான் காலையிலயே வந்து பந்தல்ல நின்னு, வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுறேன்."