பசை போட்டு ஒட்டிய பக்கம்

தோட்டத்துப் பிள்ளைகளே, டிக்கோயாப் பக்கத்து வாசிகசாலையில் வேலை செய்யும் அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள். எப்போதும் ஆண்கள் போடும் சாம்பல் நிற சுவெட்டர்தான். திரும்பி வரும் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அலுமாரியில் வைப்பார்.

என் பதின்மூன்று வயது மகள் அங்கிருந்து ஒரு மாயாஜாலக் கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். அதில் கறுப்புச் சிறகுப் பூச்சிகள் ஒரு ராணியைக் கொட்டிக் கொல்கின்றன. என் மனைவியும் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டித்தான் இறந்தாள். "அம்மாவுக்கு வலிக்கவே இல்ல" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அதனால் முழுதும் வாசிக்காமலே, கோதுமை மாப் பசை காய்ச்சி அந்தப் பக்கங்களை ஒட்டிவிட்டேன். திருப்பிக் கொடுக்கவும் நானே போனேன். வாசிகசாலை அம்மா புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாருங்க இத ஒட்டினது?"

"நான்தாங்க. பிள்ளைங்க வாசிக்கிற கதையா இது?"

"பசை காய்ச்ச நேரமிருக்கு. பிள்ளைகிட்ட பேசத்தான் நேரமில்ல, என்ன?"

தேத்தண்ணி கொதிக்கும் கேத்தலின் ஆவியில் பிடித்துத் தாள்களைப் பிரித்தார். ராணி நெடுநேரம் துடிக்கும் வரிகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில் மகளின் பென்சில் எழுத்து இருந்தது: 'அம்மாவுக்கும் இவ்வளவு நேரம் வலிச்சிருக்குமா?'

அவர் ரப்பரை என் பக்கம் தள்ளினார். "புத்தகத்துல எழுதினா அழிக்கணும். என்னால ஏலாதுங்க."

"என்னாலயும் ஏலாதுங்க."

இன்னும் இரண்டு கிழமைக்கு, பதினாலு நாள் தள்ளித் திருப்பித் தரும் திகதியைக் குத்தி, புத்தகத்தை என்னிடமே தந்தார்.

நாளை அந்தத் திகதி. மகளிடம் நான் இன்னும் பேசவில்லை; அவள் கேள்வி ஓரத்தில் அப்படியே இருக்கிறது. வாசிகசாலை அம்மா மறுபடியும் தாள் தாளாகப் புரட்டுவார்.