பதினாறு குளிர்காலமும் ஒரு சோடி ஸ்கீயும்

என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பெப்ரவரியில், வருடத்தின் ஏழாம் கிழமையில் வரும் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள் சாப்பாட்டு மேசையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். என்னவென்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் மலைப்பனியில் ஸ்கீ ஓடப் போய் வெயிலில் மூக்கும் கன்னமும் கறுத்து வந்திருக்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் ஒருநாளும் போவதில்லை என்று டேனிஷில் கேட்டாள். கோப்பன்ஹேகனை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டில் பிள்ளைகள் சறுக்குவார்கள். அதைவிட உயரமான இடத்தை நானும் மனைவியும் டென்மார்க்கில் கண்டதில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் பழைய சாமான் சந்தை ஒன்றில் எனக்கும் மனைவிக்கும் ஸ்கீயும் சப்பாத்தும் வாங்கினேன். வயதான ஒரு டேனிஷ் தம்பதி, முழங்கால் இனி விடாது என்று சொல்லி விற்றார்கள். நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில், இளமையில் நிறைய ஸ்கீ ஓடிய ஒருவர் இருந்தார். கையை மேலே தூக்கிக்கொண்டு நில், ஸ்கீயின் நுனி மணிக்கட்டைத் தொட வேண்டும், அதுதான் அளவு என்று அவர் சொல்லித் தந்திருந்தார். என்னுடையது இரண்டு மீட்டர். மனைவி ஐந்தடி உயரம். அவளையும் சந்தையின் நடுவில் கையைத் தூக்க வைத்துப் பார்த்தேன். சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. எனக்குப் பெரிய திருப்தி.

மகளுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் சுவீடனில் போய் வாடகைக்கு எடுத்தோம். வளரும் பிள்ளைக்கு எதற்கு வாங்குவது?

நான் நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன். கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து, உடம்பை எழுப்பி, பின் அமுக்கித் திருப்ப வேண்டும். மூன்று வருடம் விழுந்தேன். நாலாம் வருடம் நீலக் கம்பம் நட்ட இலகுவான சரிவுகளில் விழாமல் இறங்கினேன். மனைவிக்கு வரவில்லை. நேராகப் போவாள், திருப்ப வேண்டிய இடத்தில் ஸ்கீ திரும்பாமல் வேகம் எடுக்கும், பயந்துபோய் தானாகவே பக்கவாட்டில் விழுவாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். தன்னைவிட இரண்டு மடங்கு எடை உள்ளவர்களைக் கட்டிலில் புரட்டி உடுப்பு மாற்றுகிறவள். அவளைப் பனியில் இப்படிப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். ஐந்தாம் ஆறாம் வருடத்திலிருந்து காலையில் ஒருமுறை பிள்ளைகள் ஓடும் சரிவில் இறங்கிவிட்டு, “எனக்குக் காணும், நீங்கள் போங்கோ” என்று சொல்லிவிட்டு, நாங்கள் வாடகைக்கு எடுத்த மரவீட்டுக்குத் திரும்பிவிடுவாள். நாங்கள் வரும்போது சோறும் மீன்குழம்பும் சுடச்சுட இருக்கும். அவளுக்குச் சமைப்பதுதான் பிடிக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மகள் வளர்ந்து ஓகூஸ் நகருக்குப் படிக்கப் போன பிறகும் ஏழாம் கிழமைக்கு எங்களோடு வருவாள். கடைசி நாலைந்து வருடமாக அவள் ஒரே பாட்டுத்தான் பாடினாள். இப்படி நேரான நீள ஸ்கீகளை இப்போது யாரும் ஓடுவதில்லை, புதியவை கட்டையானவை, நடுவில் ஒடுங்கி முன்னும் பின்னும் அகன்றவை, சாய்ந்தாலே திரும்பும், வாங்குங்கள். நான் கேட்கவில்லை. என் ஸ்கீயில் உடைந்தது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அடுக்குமாடியின் நிலவறையில் வைத்து இரண்டு சோடிக்கும் விளிம்பு அரம் பிடித்து, பழைய இஸ்திரிப்பெட்டியால் மெழுகு உருக்கிப் பூசுவேன். அதிகாலையில் இறுகிக் கிடக்கும் பனியில் அவை தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். இதை விட்டுவிட்டு இன்னொன்றை வாங்க வேண்டுமா என்று யோசிப்பேன். அந்த யோசனை என்னுடைய சோடியைப் பற்றியதாகவே இருந்தது. மனைவியின் சோடி ஒருமுறைகூட நினைவில் வந்ததில்லை.

பதினாறாவது குளிர்காலத்தில் சப்பாத்து உடைந்தது. முதல் நாள், மகளோடு மேலே போய் இறங்கத் தொடங்கி, இரண்டாவது திருப்பத்தில் காலுக்குக் கீழே “டக்” என்று ஒரு சத்தம். ஸ்கீ கழன்று ஓர் ஓரமாகப் போய் நின்றது. நான் இன்னோர் ஓரமாகப் போனேன். எழுந்து பார்த்தால் வலது சப்பாத்தின் குதிப்பகுதி முட்டைக்கோது மாதிரி நொறுங்கி, உள்ளே இருந்த பஞ்சு உறை வெளியே தெரிந்தது. பிளாஸ்டிக்குக்கும் வயதாகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மகள் பயந்து ஓடிவந்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டபின் சிரிக்கத் தொடங்கினாள். சரிவைக் காவல் பார்க்கிறவர் பனி ஸ்கூட்டரில் வந்து, என்னையும் ஸ்கீயையும் பின்னால் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்.

மகள் தொலைபேசியில் சொல்ல, மனைவி என் குளிர்ச் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு சரிவின் அடியில் இருந்த ஸ்கீ வாடகைக் கடைக்கு வந்தாள். வரும்போதே, “ஆண்டவரே, கால் முறிஞ்சுபோச்சோ?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கடையில் நின்றவள் ஒரு சுவீடன்காரி, முப்பது வயது இருக்கும். புதுச் சப்பாத்து வாடகைக்குத் தா, என் ஸ்கீயிலேயே பூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் என் ஸ்கீயில் சப்பாத்தைப் பிடித்து வைக்கும் பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். இவ்வளவு பழைய பூட்டுகளைத் தொடக்கூடாது என்பது கடை விதி, விழும்போது சரியான நேரத்தில் கழலுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றாள். அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

எனக்கு ஒரு சோடியை எடுத்துத் தந்துவிட்டு மனைவியிடம் திரும்பி, “நீங்கள் ஓடுவதில்லையா?” என்று கேட்டாள்.

“எனக்கு வராது,” என்றாள் மனைவி டேனிஷில். “எத்தனையோ வருடமாகப் பார்த்துவிட்டேன்.”

“என்ன ஸ்கீ வைத்திருக்கிறீர்கள்?”

மனைவிக்கு அளவு தெரியாது. நான் சொன்னேன். நூற்றி எண்பத்தைந்து. அந்தப் பெண் மனைவியை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சோடியைக் கொண்டுவந்து மனைவிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். அது அவள் முகத்தில் நாடிவரைதான் எட்டியது.

நான் சொன்ன வார்த்தை இப்போதும் என்னைக் குத்துகிறது. “வேண்டாம், உமக்குத்தானே பயம். சும்மா ஏன்?” என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. “போட்டுப் பாக்கிறன்,” என்றாள்.

பிள்ளைகள் ஓடும் சரிவுக்குத்தான் போனோம். மகள் முன்னால் போய் கையால் வழி காட்டினாள். மனைவி வழக்கம்போல நேராகத் தொடங்கினாள். நான் விழப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தாள். ஸ்கீ திரும்பியது. அவளே எதிர்பார்க்கவில்லை, “ஐயோ!” என்று கத்தினாள். மற்றப் பக்கம் சாய்ந்தாள். அதுவும் திரும்பியது. கீழே போய் நின்று, பின்னால் திரும்பி, தான் வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பனியில் பாம்பு போன தடம்போல இரண்டு மெல்லிய கோடுகள்.

நான் அவளை நோக்கி இறங்கினேன். என் உடம்பு பழைய முறையையே செய்தது. கால்களை ஒட்டி எழும்பினேன், ஸ்கீ நான் கேட்பதற்கு முன்பே திரும்பிவிட்டது, முகம் குப்புற விழுந்தேன். அன்று நாலுமுறை விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கீழே நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க மரவீட்டில் பாணும் சூப்பும்தான். சமைக்க ஆள் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம், மகள் குளித்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஜன்னலோரமாகக் காலை நீட்டி இருந்தபடி சொன்னாள்:

“நான் என்ரை கால்தான் சரியில்லை எண்டு நினைச்சிருந்தனான். வயசு, குண்டு, பயம், எல்லாம் என்ரை பிழை எண்டு.”

“எனக்கும் தெரியேல்லை,” என்றேன்.

“தெரியாதுதான். ஆனா ஒருநாளாவது இந்தப் பலகை நீளமோ எண்டு ஆரும் கேக்கேல்லையே. நானும் கேக்கேல்லை. உங்களுக்கு ஓட ஏலுது, பிள்ளைக்கு ஓட ஏலுது, எனக்கு மட்டும் ஏலாது. அப்ப நான்தானே பிழை?”

“அப்ப சமைக்கப் போறன் எண்டு போனது?”

“வேறை என்னத்தைச் செய்யிறது? அங்கை நிண்டு அழுறதோ?”

கோபமாகச் சொல்லவில்லை. கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் கிடந்த பனியைத் தேவையில்லாமல் தள்ளிக்கொண்டு நின்றேன். அந்த மணிக்கட்டு அளவு அதன் காலத்தில் பிழையான அளவு அல்ல. எல்லோரும் அப்படித்தான் கற்றார்கள். ஆனால் எனக்குச் சரிவந்ததும் நான் அதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அவளுக்குச் சரிவரவில்லை என்பதை அவளுடைய இயல்பாக எழுதி வைத்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், மகள் பின் இருக்கையில் தூங்க, நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என் வாயில் வைத்துவிட்டு, “ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ,” என்றாள்.

அந்தப் பழைய சோடிகளை இனி எந்தக் கடையும் பூட்டித் தராது. இருந்தும் எனக்கு மனம் வரவில்லை, கோடை முழுவதும் நிலவறையிலேயே கிடந்தன. ஓகஸ்டில் மனைவி தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு வந்தாள். மீள்சுழற்சி நிலையத்தில் கலப்புக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். என்னுடையதை நான் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

அவளுக்குப் புதிதாகவே வாங்கினோம். முந்தைய பருவத்து வகை, நாடியளவு நீளம். சப்பாத்தை மட்டும் மூன்று கடை ஏறி, போட்டு நடந்து பார்த்து அவளே தேர்ந்தாள். ஓர் ஒக்டோபர் ஞாயிறு, தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்ததும் கோப்பன்ஹேகனில் குப்பை எரிக்கும் ஆலையின் கூரையில் இருக்கும் செயற்கைச் சரிவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பச்சைப் பிளாஸ்டிக் தூரிகை விரித்த சரிவு, பனி கிடையாது. சபையில் ஒருவர், “அண்ணை, உங்கடை மனுசியோ ஸ்கீ ஓடுறா?” என்று கேட்டார். “ஓம். இப்ப என்னைவிட நல்லா ஓடுறா,” என்றேன். அது பணிவுக்குச் சொன்னதல்ல. உண்மை.

நான் இன்னும் வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுக்கிறேன். கால்களை அகற்றி வைக்கப் பழகுகிறேன், சிலவேளை பழையபடி எழும்பி விழுகிறேன். போன பெப்ரவரியில் அவளும் மகளும் முதல்முறையாகச் சிவப்புக் கம்பம் நட்ட, கொஞ்சம் கடினமான சரிவுக்குப் போனார்கள். நான் மேலே ஏற்றிப்போகும் லிஃப்டின் அடியில் நின்று பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் மனைவி நின்றுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். இல்லை, மூக்கைத் துடைக்க நின்றிருக்கிறாள். கீழே வந்தவள் மூச்சு வாங்கியபடி, “இன்னொருக்கால் போறம். நீங்களும் வாங்கோவன், மெதுவா வரலாம்,” என்றாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அவர்களோடு லிஃப்ட் வரிசையில் நின்றேன்.