தண்ணீர் குடிக்காத பயறு

தெங் யூசியா அக்கா எங்கள் விதை நிலையத்துக்கு வந்தபோது பருத்திக் கோட்டுக்குள்ளே, வயிற்றோடு ஒட்டி ஈரத்துணி முடிச்சு ஒன்று கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் விதை முளைக்குமா என்று பார்ப்பது அப்படித்தான். ஏப்ரலிலும் பனி உருகாத ஊரில் மனுஷ உடம்பை விட்டால் வேறு சூடு ஏது?

முடிச்சை அவிழ்த்தார். இருபத்து மூன்று கறுப்புச் சோயாப் பயறு. மூன்று நாள் சுமந்தும் ஒன்றுகூட ஊறவில்லை.

“கல்லுப் பயறுக்கா. கத்தியால லேசாத் தோலைக் கீறிவிடுங்க, குடிச்சுக்கும்.”

“கத்தி வேணாம் லூ தம்பி. அந்த மனுஷனை ஏற்கெனவே அறுத்தாச்சு.”

அந்த மனுஷன் அவர் புருஷன் பாய் சங்லின். இந்தப் பயறை முப்பது வருஷம் விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்கு வயிற்றில் அறுவை. மறுநாள்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றார் டாக்டர். மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாரே தவிர, கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது குடிக்க ஆள் இல்லை.

அதிலிருந்து கனவில் வருகிறாராம். தம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாராம். எலி தின்றது போக மிஞ்சிய பயறும் அதையே செய்யவும் அக்கா பயந்துவிட்டார்.

“வீம்புக்குன்னே மூடிக்கிட்டிருக்காரு. உங்க மெஷின் திறக்க வைக்கும்னாங்க.”

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஹான் சிரித்தான். “லூ, எப்போலேருந்து பேயோட்டுற வேலை?”

“உன்னை ஓட்டணும்னா சொல்லி அனுப்புறேன். மூட்டையைத் தூக்குடா,” என்றார் அக்கா.

நான் ஆறாவதோடு நின்றவன். அந்த மெஷின் உண்டாக்கும் குளிர் பிளாஸ்மா என்னவென்று கேட்டால் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன். உருளையில் விதையைப் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டு, மின்சாரம் ஏற்றினால் உள்ளே ஊதா வெளிச்சம் நிற்கும். விதை சுடாது. ஆனால் அதன் தோலைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். நேரம் கூடினால் உள்ளே கரு செத்துவிடும்.

இருபது விநாடி வைத்தேன். அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு அவர் உதடு இந்த நிறம்தான்.”

பதினெட்டிலேயே நிறுத்திவிட்டேன்.

மெஷினில் போடுமுன் பயறின்மேல் விட்ட சொட்டு முத்தாக உருண்டு ஓடியிருந்தது. இப்போது விட்டேன், அப்படியே படர்ந்து ஒட்டியது. அக்கா பகல் சாப்பாட்டுக்கும் எழவில்லை. கிண்ணத்தின்மேல் குனிந்து, “குடி, இப்பவாவது குடி,” என்று முணுமுணுத்தபடி இருந்தார். சாயங்காலத்துக்குள் தோல் சுருங்கி, பிறகு புடைத்தது. இருபது பயறு ஊறிவிட்டன. நாலாம் நாள் பதினாறில் வேர் எட்டிப் பார்த்தது.

மூன்று மட்டும் கல்லாகவே கிடந்தன.

“இன்னொரு தடவை போடட்டுமாக்கா?”

“வேணாம். மூணு பயறு அளவுக்காச்சும் கோவிச்சுக்கட்டும். குடுக்காதவதானே நான்?”

பதினாறையும் வீட்டுக்குள்ளே தொட்டியில் நட்டுவிட்டதாக அடுத்த வாரம் வந்து சொன்னார். கனவு நின்றதா என்று கேட்டேன்.

“வர்றாரு தம்பி. இப்போ வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறாரு. என் கையிலதான் தம்ளரைக் காணோம்.”