நத்தை மேடத்தின் பதினான்கு மாதம்

கல்லூரியில் அவரை நத்தை மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். இருபத்தாறு வருடமாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளத்துச் சேற்றில் இறங்கியவர். வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு அவருடையது. ஒருமுறை நாத்தனார் அங்கிருந்த நத்தை டப்பாவைத் தெரியாமல் திறந்துவிட்டு, வந்த அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கட்டுரை. குளம் வற்றினால் நத்தை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு தூங்கும். எத்தனை மாதம் உயிர் தாங்கும்? முந்நூறு நத்தைகளை உலரவைத்து, மாதம் இருபதாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பதினைந்தாம் மாதத்து இருபதில் ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. 'பதினான்கு மாதம்' என்று எழுதினார்; பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்த இருபதையும் துடைத்து, 'இறந்தவை' என்று சீட்டு ஒட்டி, செருப்புப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தார்.

மூன்று வருடம் கழித்துப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. ஓய்வுக்கு இரண்டே வருடம். இதை விட்டால் இன்னொன்று கிடையாது. கையில் இருந்த பெரிய சரக்கு அந்தப் பதினான்கு மாதம்தான்.

நேர்காணல் வியாழக்கிழமை. திங்கட்கிழமை அவர் கணவர், தபால் அலுவலகத்தில் ஓய்வுபெற்று வீட்டையே துடைத்துக்கொண்டிருந்தவர், நத்தை ஓடுகளைப் பளபளப்பாக்கிக் கொடுக்கலாமென்று பரணில் இருந்த பெட்டியைப் பக்கெட் தண்ணீரில் கவிழ்த்தார். சாயங்காலம் மேடம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, குளியலறைக்கு வா. உன் செத்தவங்க சுவத்துல ஏறிட்டு இருக்காங்க."

சுவரில் பதினொன்று. பன்னிரண்டாவது, சோப்பின் மேல்.

"எப்போ தண்ணியில போட்டீங்க?"

"காலையில ஒம்பதுக்கு."

"எப்போ வெளியே வந்துச்சு?"

"நான் என்ன பிரசவமா பாத்துட்டு இருந்தேன்? மூணு மணிக்கு முகம் கழுவ வந்தேன். சோப்பைத் தேடுனா இது கையில ஒட்டுது."

ஆறு மணி நேரம். மேடம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில் நான்கு மணிக்கு நத்தைகளைத் தண்ணீரில் போடுவார். ஐந்து மணிக்கு அட்டெண்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். அவருக்கு ஐந்து பத்துக்கு பஸ். ஒரு மணி நேரத்தில் அசையாதது இறந்தது. பாடப்புத்தகத்தில் ஏறிய உண்மையில் பாதி பஸ் எழுதியது.

"செத்திருந்தா நாறியிருக்கணுமே, மூணு வருஷமா நாறலையேன்னு நினைச்சேன்," என்றார் கணவர். மேடத்தின் மூக்கை ஆய்வுக்கூடத்து ஃபார்மலின் நெடி எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

"நினைச்சா சொல்றதுக்கென்ன?"

"நீ டாக்டர் பட்டம் வாங்கினவ. உன்கிட்ட யாரு வாயைக் குடுக்கிறது?" பிறகு குரலைத் தணித்தார். "வியாழக்கிழமை வரைக்கும் நான் எதையும் பாக்கலை. இதுங்களும் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

மேடம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை டிபன் பாக்ஸில் ஒரு நத்தையைப் போட்டுக்கொண்டு போனார்.

தேர்வுக் குழுத் தலைவர்தான் அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவர். "பதினாலு மாசம்னா மேடம், மேடம்னா பதினாலு மாசம்," என்று சிரித்தார்.

"அது தப்பு சார்," என்று மேடம் டப்பாவைத் திறந்தார்.

பக்கெட் கதையைத் தலைவர் கேட்டு முடித்தார். "இது வேற நத்தையா இருக்கலாமே?" குரல் கெஞ்சியது.

"ஓட்டுல என் கையால எழுதின நம்பர் இருக்கு சார்."

தலைவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "அஞ்சாம் பதிப்பு போன வாரம்தான் அச்சுக்குப் போச்சு, மேடம்."

"நிறுத்த முடியாதா?"

அதற்குள் டப்பாவிலிருந்து இறங்கிய நத்தை, மேடத்தின் விண்ணப்பத்தின் ஓரத்தைத் தின்ன ஆரம்பித்திருந்தது. மூன்று வருடப் பசி. யாரும் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் கணவர் நின்றிருந்தார்.

"கிடைச்சுதா?"

"இல்லீங்க. கொசு ஆராய்ச்சிக்காரருக்குப் போயிடுச்சு."

"நான்தான் கெடுத்துட்டேன்."

"ஆமா," என்றார் மேடம். உள்ளே போய்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். கட்டுரையைத் திருத்தச் சொல்லி இதழுக்குக் கடிதம். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "உங்க பேரையும் போடணும்."

"என் பேரா? எதுக்கு?"

"தண்ணியில போட்டது நீங்கதானே. இனிஷியலோட சொல்லுங்க."

கணவர் உள்ளே போனார். சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.