மமதாவின் கையில் கத்தி

ஐடா பெங்களூரில் ஒரு துணிக்கடைக்குத் தைத்துக் கொடுப்பவர். தினமும் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார். திருநங்கை. ஆண்டர்சன்பேட்டையில் தன் காதலி லவினாவுடன் ஒரே வீட்டில் வாழ்கிறார். அக்கம்பக்கத்தார் அவர்களை ‘அக்கா தங்கச்சி மாதிரி’ என்று சொல்லித் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஐடா செல்போனில் துப்பறியும் கதை எழுதுவார். சென்னையில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பகம் அவற்றில் சிலவற்றை வெளியிட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் துப்பறிகிறவர் மீசை வைத்த ஓர் ஆண். போன வருடம்தான் அந்த மீசையை விட்டுவிட்டு மமதாவைக் கொண்டுவந்தார். மமதா ஒரு திருநங்கை; வாணி என்ற பெண்ணை நேசிக்கிறவள். கதையில், தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் ஒரு வட்டிக்காரரின் பிணம் கிடக்கிறது. கொன்றவன் அவருடைய மருமகன் என்பதை இரண்டு பெண்களும் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள்.

கதையைப் படித்துவிட்டுப் பதிப்பாசிரியர் போன் செய்தார்.

“கதை பிரமாதம்மா. முடிவுல மமதாதான் கொலைகாரின்னு வச்சிடுங்க. யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க.”

“வைக்கலன்னா?”

“போட முடியாதும்மா. மார்க்கெட்னு ஒண்ணு இருக்கில்ல?”

மறுநாள் காலை பெண்கள் பெட்டியில் ஐடா கதையைச் சத்தமாகப் படித்தார். கூட வேலைக்குப் போகிற பெண்கள் வெற்றிலையை மென்றுகொண்டும் தலை பின்னிக்கொண்டும் கேட்டார்கள். ரத்தினம்மா தன் பர்ஸை வழக்கம்போல ஐடாவின் மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அவர் ஒரு ஆபீஸில் தரை துடைக்கிறவர். கூட்டத்தில் எவளாவது அடித்துக்கொண்டு போய்விடுவாள் என்ற பயத்தில் பர்ஸை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

பங்காருபேட்டையில் வண்டி நின்றது. கதை இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஐடா நிறுத்தினார்.

“இப்ப சொல்லுங்க. யாரு கொன்னது?”

“இதுல இன்னா கேள்வி? அந்த மமதாதான்” என்றார் ரத்தினம்மா, கண்ணைத் திறக்காமல்.

“இல்லக்கா, கூட கீறாளே வாணி, அவ” என்றாள் இன்னொருத்தி. பெட்டி மமதா, வாணி இருவருக்குள்ளேயே பிரிந்து வாக்களித்தது. மருமகனை ஒருவரும் நினைக்கவில்லை.

“இன்னாத்துக்குக்கா கொன்னா?” என்று கேட்டார் ஐடா.

“அவுங்க மாதிரி ஆளுங்களுக்கு காரணம் வேற வேணுமா? கதைல எல்லாம் அப்டிதானே வருது.”

“உன் பர்ஸு யாரு மடில கீது?”

ரத்தினம்மா கண்ணைத் திறந்தார். பெட்டியில் யாரோ சிரித்தார்கள்.

“நீ வேறமே, அவ வேற.”

“எப்டி வேற?”

“உன்ன எனக்குத் தெரியும். அவள யாருக்குத் தெரியும்?”

சாமியாடியின் வாக்கை ஆதாரம் கேட்காமல் ஏற்பவரை மூடர் என்கிறோம். காரணமோ தடயமோ இல்லாமல் ஒருத்தியைக் கொலைகாரி என்று தீர்மானிப்பதும் அதே மூடத்தனம்தான். பத்திரிகைகளும் சினிமாவும் பல காலமாக ஊட்டியதை ரத்தினம்மா திருப்பிச் சொன்னார். ஊட்டியவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை.

அன்று மதியம் ஐடா பதிப்பாசிரியருக்குப் போன் செய்தார்.

“யாரும் எதிர்பார்க்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே சார்? பாதி கதைலயே ஒரு பெட்டி முழுக்க மமதா, இல்லன்னா வாணின்னு சொல்லிடுச்சு. மருமகனத்தான் ஒருத்தரும் எதிர்பார்க்கல.”

“அப்ப மருமகனே இருக்கட்டும்” என்றார் அவர். நியாயம் பிடிபட்டதாலல்ல, விற்கும் என்பதால்.

கதை அச்சானது. ஐடா பெட்டிக்குப் பிரதிகள் கொண்டுவந்தார். அட்டையில் மமதா நின்றிருந்தாள், கையில் ரத்தம் சொட்டும் கத்தியோடு. வரைந்தவர் கதையைப் படிக்கவில்லை.

“பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்!” என்றார் ரத்தினம்மா.

“உள்ள படிக்கா.”

அவர் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்பதால் அந்த வாரம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் படித்தார். கடைசிப் பக்கத்தை முடித்ததும் திரும்ப அட்டையைப் பார்த்தார்.

“கம்மனாட்டி மருமவன். இவ கைல எதுக்குடி கத்தி? ஒரு பேனா குடு.”

பேனாவை வாங்கிக் கத்தியின் முனையை அகலமாக்கினார். அதிலிருந்து நாலைந்து கோடுகள் இழுத்தார். கத்தி டார்ச் லைட் ஆனது. ரத்தத் துளிகள் மட்டும் எப்படியும் மறையவில்லை.

“மத்த புக்குலெல்லாம் கத்திதானேக்கா?” என்றார் ஐடா.

“அதுக்கு நான் இன்னா பண்றது? உன் புக்கு போடற ஆபீஸருக்குப் போன் போடு” என்று சொல்லிவிட்டு, பர்ஸை ஐடாவின் மடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐடா போனை எடுத்தார்.